ஒரு தேத்தண்ணிக்கு

வெறுங்கையோடு வந்திருந்தால் என்னைப் பார்க்க வந்திருக்கிறார் என்று நினைக்கலாம். ஒரு மண்முட்டி தயிர் என்றால் பார்த்துக் கதைத்துவிட்டுப் போக. இரண்டு முட்டி என்றால் ஏதோ கேட்கத்தான் வந்திருக்கிறார். கேட்கட்டும். சாப்பிட்ட பிறகு கேட்கட்டும். அதுவரைக்கும் ஒன்றும் தெரியாதவள் மாதிரி இருந்துகொள்வேன். அதுவரைக்குமாவது இவரோடு சிரித்துக்கொண்டிருக்கலாம்.

இப்படி நினைத்தபடி பூரணி கேற்றின் பூட்டைத் திறந்தாள். வெயிலில் முகம் கறுத்து, இரண்டு கையிலும் கயிறு கட்டிய தயிர் முட்டிகளோடு வெளியே நின்றார் கமலாதேவி. பூரணியின் கணவன் குலசிங்கத்துக்கு அக்கா. தம்பலகாமத்திலிருந்து திருகோணமலைக்கு வருவதற்குள் மூன்று சோதனைச் சாவடியில் இறங்கி ஏறியவர்.

"பகலிலயும் பூட்டோ?" என்றார்.

"பழகிப் போச்சு மச்சாள். வாங்கோ."

"மூண்டு சாவடியிலயும் முட்டிக்குள்ள என்ன எண்டு கேள்வி. கடைசிச் சாவடியில நிண்ட பொடியன் மூடியைக் கழட்டிப்போட்டு விரலை விடப் பாத்தான். 'கையைக் கழுவிப்போட்டு வா மோனை' எண்டனான். தமிழ் விளங்கேல்லை. ஆனால் கையை எடுத்திட்டான்."

பூரணி சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மச்சாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். மெலிந்துவிட்டாய் என்றோ எப்படி இருக்கிறாய் என்றோ கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேரே குசினிக்குள் போனார். அங்கே திருவலையும் உடைத்த தேங்காயும் இருப்பதைக் கண்டதும் பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து திருவத் தொடங்கினார். பூரணியின் வலது மணிக்கட்டு இன்னும் திருகுகிற வேலைக்கு வராது. அதைக் கேட்காமலே தெரிந்துகொள்வதும், தெரிந்ததைச் சொல்லாமல் விடுவதும்தான் மச்சாளின் குணம்.

எட்டு வருடத்துக்கு முன், பெண் பார்க்க வந்த கூட்டம் முழுவதும் சீதன வீட்டின் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் இதே குசினிக்குள் வந்து, "பயமா இருக்கோ பிள்ளை? எனக்கும் பயமாத்தான் கிடக்கு. என்ர தம்பி குறட்டை விடுவான், நீ அதைக் கேட்டிட்டு அவனைத் திருப்பி அனுப்பிப்போடுவாய்" என்று காதுக்குள் சொன்னவர். அன்றைக்கே பூரணி அவரில் விருப்பம் வைத்துவிட்டாள். மாப்பிள்ளையில் வைத்ததற்கு முன்னாலேயே என்றுகூடச் சொல்லலாம். பூரணியின் அம்மா செத்த பிறகு அந்த விருப்பம் இன்னும் கூடிப் போனது. தம்பலகாமத்து நெல்லு, எருமைத் தயிர், சேலைத் தலைப்பில் முடிந்துவந்த புளியங்கொட்டை, இப்படி ஏதாவது ஒன்று மாதத்தில் ஒரு தரம் வந்து சேரும்.

இந்த ஐந்து மாதமாக ஒன்றும் வரவில்லை. குலசிங்கம் இந்த வீட்டை விட்டுப் போய் அக்காவோடு இருக்கத் தொடங்கி ஐந்து மாதம். அவன் போனதைத் தாங்கிக்கொண்டவளுக்கு, அவனோடு மச்சாளும் போய்விட்டாரோ என்ற நினைப்பைத்தான் தாங்க ஏலாமல் இருந்தது.

"உன்ர சொதியில பாலைத் தேடிப் பிடிக்க வேணும்," என்றார் மச்சாள், சட்டிக்குள் எட்டிப் பார்த்து.

"நீங்கள் திருவித் தந்தால்தானே பால் வரும்."

"வாய் குறையேல்லை. நல்லது."

பிறகு ஆனைக் கதை வந்தது. போன கிழமை வயலுக்குள் ஒரு தனியன் இறங்கியதாம். ஊரார் வெடி கொளுத்தப் பயந்தார்களாம். வெடிச் சத்தம் கேட்டால் அடுத்த நிமிடம் இராணுவ முகாமிலிருந்து துப்பாக்கிச் சூடு வரும். என்ன செய்வதென்று தெரியாமல் எல்லோரும் வரம்பில் வரிசையாக நின்று ஆனையைக் கும்பிட்டார்களாம். "நானும் கும்பிட்டனான். கும்பிட்டுக்கொண்டே வாய்க்குள்ள ஏசினனான். அது என்னை ஒருக்காத் திரும்பிப் பாத்திச்சுது பூரணி. ஏச்சு விளங்கின மாதிரித்தான் பாத்திச்சுது." பூரணிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. மீனைக் கழுவிய கையால் துடைக்கவும் முடியவில்லை.

அந்தச் சிரிப்புக்கு நடுவிலும் ஒரு பக்கத்து மனம் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

குலசிங்கம் குடிக்கிறவன் இல்லை. சத்தம் போடுகிறவனும் இல்லை. கூட்டுறவுச் சங்கக் கடையில் மனேச்சர். சாப்பிடும்போது மீனின் முள்ளை எடுத்துவிட்டுச் சதையை அவள் சாப்பாட்டுக் கோப்பையில் வைப்பான். கலியாணம் முடித்து இரண்டாம் வருடம், ஒரு இராணுவச் சுற்றிவளைப்பில் பக்கத்து ஒழுங்கைப் பெண் ஒருத்தி அடையாள அட்டையைத் தொலைத்துவிட்டு அலைந்த கதையைக் கேட்டு, "உன்ரயை நான் பத்திரமா வைச்சிருக்கிறன்" என்று பூரணியின் அட்டையை வாங்கித் தன்னுடையதோடு சேர்த்து ஒரே பொலித்தீன் உறையில் போட்டுச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். அவளுக்கு அது அன்பாகத்தான் பட்டது. அன்றைக்கு அது அன்பாகவே இருந்திருக்கவும் கூடும்.

அட்டை இல்லாமல் ஒழுங்கை முனையைத் தாண்ட ஏலாத காலம். காலையில் எடுத்துத் தருவான், பின்னேரம் வாங்கி வைப்பான். பிறகு சில காலைகளில் தரவில்லை. ஏன் என்று சொல்ல மாட்டான். முதல்நாள் கறியில் உப்புக் கூடியிருக்கலாம். அவள் யாருடனோ நின்று கதைத்ததை யாரோ சொல்லியிருக்கலாம். அவளாக ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். "இண்டைக்கு நிலைமை சரியில்லை, வீட்டில நில்" என்பான். நிலைமை எந்த நாளில்தான் சரியாக இருந்தது? அரச அலுவலகமான கச்சேரிக்கு முன்னால் தட்டெழுத்துக் கடை வைத்திருக்கும் ஆதம்பாவாவிடம் அவள் வேலை பார்த்தாள். ஒரே வருடத்தில் அந்த மனிதரிடம் பதினொரு தடவை காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறாள்.

பிறகு நடந்த எல்லாவற்றையும் விட அவளை இன்றைக்கும் பயப்படுத்துவது ஒன்றுதான். அட்டை கைக்கு வந்த காலைகளில் அவள் சந்தோசமாக இருந்தாள். பொய்ச் சந்தோசம் இல்லை. சாவடியைத் தாண்டி நடக்கும்போது, இன்றைக்கு அவருக்குப் பிடித்த பாரை மீன் வாங்க வேண்டும் என்று நினைப்பாள். தன்னுடைய பெயரும் தன்னுடைய முகமும் உள்ள ஒரு துண்டைத் தந்ததற்கு அவனிடம் நன்றி சொல்லியிருக்கிறாள், வாய் திறந்து. அப்படிச் சொன்னவள் யார் என்று இரவில் யோசித்துப் பார்ப்பாள். அவள் இன்னும் தனக்குள்தான் எங்கோ இருக்கிறாள் என்று தோன்றும்.

சித்திரையில் ஒரு நாள், அவன் கிணற்றடியில் குளிக்கிறான் என்று நினைத்து, ஆணியில் தொங்கிய சட்டைப் பைக்குள் கையை விட்டாள். பின்னால் வந்து மணிக்கட்டைப் பிடித்தான். திருகினான். சத்தம்தான் முதலில் கேட்டது. நோவு பிறகு வந்தது.

ஆஸ்பத்திரியில் நேர்ஸ் கேட்டபோது அவன்தான் பதில் சொன்னான்: "சாவடியில தள்ளி விழுத்திப்போட்டாங்கள்." நேர்ஸ் பெருமூச்சு விட்டாள். மேலே ஒன்றும் கேட்கவில்லை. அந்த வருடங்களில் அதைவிட நம்பக்கூடிய காரணம் அந்த ஊரில் இல்லை. ஒழுங்கை முழுவதும் நம்பியது. சோறு வந்தது, வாழைப்பழம் வந்தது, கோபமும் வந்தது. வந்தவர்களுக்கெல்லாம் குலசிங்கம் கதிரை போட்டு இருத்தி நடந்ததைச் சொன்னான். ஒவ்வொரு தரமும் கொஞ்சம் கூட்டிச் சொன்னான். ஐந்தாம் தரம் கேட்கும்போது பூரணிக்கே அந்தச் சிப்பாயின் முகம் தெரிந்தது.

அந்தக் கோபம்தான் கடைசியில் அவளுக்கு வழி விட்டது. பிரஜைகள் குழுவைச் சேர்ந்த கனகசுந்தரம், ஓய்வுபெற்ற தபாலதிபர், சாவடிச் சிப்பாய்களுக்கு எதிராக ஒரு முறைப்பாட்டைத் தயாராக அடித்து எடுத்துக்கொண்டு வந்தார். "கடையில உம்மட கதிரை சும்மா கிடக்குது. ஆதம்பாவா ரெண்டு விரலால அடிச்சவர். பிழை இருந்தால் திருத்தும் பிள்ளை," என்று நீட்டினார். பூரணி இடது கையால் வாங்கி வாசித்தாள். பிழைகள் இருந்தன. கடைசி வரியில் பிழை இல்லை. *மேற்கூறிய யாவும் எனது அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டியவரை உண்மை.* அந்த வரியை அவள் எத்தனை நூறு தடவை அடித்திருப்பாள். பிடித்துக்கொண்டு போன பிள்ளையைத் தேடுகிற தாய்மார் மூக்கைச் சீறிவிட்டு அந்த வரிக்குக் கீழேதான் பெருவிரலை வைப்பார்கள்.

"ஐயா, இதில நான் கையெழுத்து வைக்கேலாது," என்றாள். "சாவடியில ஒருத்தரும் என்னைத் தொடேல்லை. என்ர அட்டை அவற்ற சட்டைப் பையில கிடக்கு."

வந்தவருக்குச் சோடா உடைத்துக்கொண்டு வந்த குலசிங்கம் வாசற்படியிலேயே நின்றான். கனகசுந்தரம் கண்ணாடியைக் கழற்றினார். அவளுடைய கையைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். "வீடு ஆற்ற பேரில, பிள்ளை?" என்று மட்டும் கேட்டார்.

"என்ர பேரில. சீதன உறுதி."

"அப்ப சரி." கடதாசியை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கதிரையில் நன்றாகச் சாய்ந்தார். "தம்பி, சோடாவை வையும். பிள்ளையின்ர அட்டையையும் மேசையில வையும். நான் இருக்கிறன், நீர் ஆறுதலா உடுப்பை அடுக்கும்."

அவன் போகும்வரை அந்த மனிதர் எழும்பவில்லை. போன பிறகு, "சோடா ஆவி போயிட்டுது," என்று சொல்லிவிட்டு அவரும் போனார். குலசிங்கம் தம்பலகாமத்துக் கடைக்கு மாற்றம் வாங்கிக்கொண்டதாகப் பிறகு கேள்விப்பட்டாள். பூரணி கேற்றுக்குப் புதுப் பூட்டு வாங்கினாள். வீட்டு உறுதியைப் பக்கத்து வீட்டுப் பரீதாவின் அலுமாரியில் கொண்டுபோய் வைத்தாள். மதில் ஓரமாக ஒரு தகரத்தை நிறுத்தினாள். அதைத் தட்டினால் பரீதா வீட்டார் முழுப்பேரும் வருவதாகப் பேச்சு. இதுவரை ஒரு தரம்தான் தட்டுப்பட்டது. அதுவும் பூனை.

சாப்பிட்டு முடிந்தது. தயிரை மச்சாளே சோற்றில் குழைத்துப் பூரணியின் கையில் உருட்டி வைத்தார், சின்னப் பிள்ளைக்கு வைப்பதுபோல. பிறகு எண்ணெய்ப் போத்தலைத் தேடி எடுத்துக்கொண்டு, "இஞ்ச வந்து இரு. தலையா இது, தும்புத்தடியா?" என்று பின்விறாந்தைப் படியில் அவளைத் தன் முழங்காலுக்குக் கீழே இருத்தினார்.

விரல்கள் மயிருக்குள் போக, பூரணி கண்ணை மூடிக்கொண்டாள். யாரும் தொடாமல் ஐந்து மாதம் இருந்திருக்கிறேன் என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. தொட்டதற்குப் பயந்து அதற்கு முன்பு எத்தனை மாதம் என்ற நினைப்பு அதன் பின்னால் வந்தது.

"இதென்ன நூல்? அம்மன் கோயிலில கட்டினதோ?" மச்சாள் கழுத்தின் பின்பக்கத்து நூலை மெல்ல இழுத்தார். சட்டைக்குள்ளிருந்து பொலித்தீன் உறையில் போட்ட அடையாள அட்டை வெளியே வந்தது.

மச்சாள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பேய் முழி முழிக்கிறாய் படத்தில," என்றார். ஆனால் சிரிக்கவில்லை. பூரணியும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்து, சட்டைக்கு மேலால் ஒரு தரம் தடவிவிட்டார்.

"அவன் பஸ் ஸ்ராண்டில நிக்கிறான், பூரணி."

பூரணி கண்ணைத் திறந்தாள். "எப்ப வந்தவர்?"

"என்னோடதான் வந்தவன். தேத்தண்ணிக் கடை வாங்கில இருத்திப்போட்டு வந்தனான்."

அப்படியென்றால் இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டார். முதலில் அதுதான் மனதில் வந்தது. அது வந்ததைக் கண்டு அவள் திகைத்துப்போனாள். சட்டிக்குள் மிச்சம் இருக்கிற பாரைத் துண்டுகளை மனம் அதற்குள் பார்த்துவிட்டிருந்தது. நடு முள்ளோடு உள்ள துண்டு. அவனுக்குப் பிடித்தது.

"உன்னட்ட நான் பெரிசா ஒண்டும் கேக்கேல்லை," என்றார் மச்சாள். "உள்ளுக்குக் கூட வேண்டாம். முன் விறாந்தையில இருந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு எழும்பிப் போகட்டும். உன்ர முகத்தை ஒருக்காப் பாத்தால் காணுமாம். அம்மா செத்த நேரம் அவனுக்கு ஏழு வயசு. நான்தான் தூக்கித் திரிஞ்சனான். அவன் இப்பிடி வாடிப்போய் இருக்கிறதை என்னால பாக்கேலாது பிள்ளை."

சுவர் மணிக்கூட்டில் மூன்று பத்து. பஸ் நிலையத்திலிருந்து இங்கே வரப் பத்து நிமிடம். நடுவில் சாவடி. இந்தப் பக்கம் வருகிறவர்களுக்குச் சனிக்கிழமை வரிசை அரை மணித்தியாலம்; போகிறவர்களைச் சும்மா விடுவார்கள். வந்து உட்கார்ந்து தேத்தண்ணி ஆறுவதற்குள் தம்பலகாமத்துக்கான நாலு மணி பஸ் போய்விடும். அதுதான் கடைசி பஸ். ஐந்தரைக்குக் கண்டி வீதியை மூடுவார்கள். மூடிய பிறகு, ஒரு மனிதனைக் கேற்றுக்கு வெளியே விட்டுப் பூட்டுவதென்றால் அவனைச் சாகக் கொடுப்பது மாதிரி. அன்னியனுக்கே அதைச் செய்ய ஏலாது. தேத்தண்ணி கேட்டு வந்தவனை யுத்தமே உள்ளே கூட்டிவந்து பாயில் படுக்க வைத்துவிடும்.

காலையில் அவன் எழும்பிக் கூரைப் பீலியைச் சரி செய்வான். முள் எடுத்து மீனைக் கோப்பையில் வைப்பான். பிறகு மெல்லக் கேட்பான், அட்டை பத்திரமாக இருக்கிறதா என்று.

"மச்சாள், மணியைப் பாத்தனீங்களோ?"

மச்சாள் மணிக்கூட்டுப் பக்கம் திரும்பவில்லை. சீப்பில் சிக்கிய மயிரைச் சுருட்டி எடுத்துக்கொண்டிருந்தார். ஆக, அவருக்கும் தெரியும். எந்த பஸ் எத்தனை மணிக்கு என்று அறியாத தம்பலகாமத்தார் யாரும் இல்லை.

"ஒரு இரவுதானே," என்றார். "நான் நடுவில படுக்கிறன். ரெண்டு பேருக்கும் நடுவில ஆனை மாதிரி. என்னைத் தாண்டி ஆர் வருவான்?"

இந்த மனுசி நிச்சயம் அப்படியே படுப்பார். விடியும்வரை கண் மூடவும் மாட்டார். ஆனால் விடிந்ததும் எருமை கறக்கப் போய்விடுவார். அவன் இருப்பான்.

திரும்பி அவருடைய முகத்தைப் பார்த்தபடி கேட்டாள். "என்ர கை ஏன் முறிஞ்சதெண்டு உங்களட்ட அவர் என்ன சொன்னவர்?"

"கோவத்தில செய்துபோட்டன் எண்டான். என்ர காலைப் பிடிச்சு அழுதவன். அது பொய் அழுகை இல்லை பூரணி, எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும். அட்டையைப் பற்றி என்ன சொன்னவர்?"

மச்சாளால் பொய் சொல்ல ஏலாது. எட்டு வருடமாகப் பூரணி அவரை நேசித்ததும் அதற்காகத்தான்.

"அது உன்ர நன்மைக்குத்தான் எண்டான்," என்றார், குரலைத் தாழ்த்தி. "இப்பவும் அப்பிடித்தான் சொல்லுறான். 'நான் பிடிச்சு வைச்சிருந்தபடியாத்தான் அவளுக்கு இவ்வளவு நாளும் ஒண்டும் நடக்கேல்லை' எண்டு."

துறைமுகப் பக்கத்தில் ஒரு கப்பல் ஊதியது. சொன்ன பிறகுதான் மச்சாளுக்கே தான் சொன்னது கேட்டது போலிருந்தது. எண்ணெய்க் கையைச் சேலையில் துடைத்தார். நல்ல சேலை, வெளியே போகக் கட்டிவந்தது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"அவர் இண்டைக்கு இஞ்ச வரவேண்டாம், மச்சாள்."

"வேற நாளைக்கு?"

"வேற நாளைக்கும் வேண்டாம்."

மச்சாள் கோபித்துக்கொண்டு எழும்பப் போகிறார் என்று பூரணி காத்திருந்தாள். எழும்பினால் மறிக்கவும் தன்னால் முடியாது என்று தெரிந்தே காத்திருந்தாள். மச்சாளோ விட்ட இடத்திலிருந்து தலையை இழுத்து வாரத் தொடங்கினார். மூன்றாகப் பிரித்துப் பின்னினார். இறுக்கிப் பின்னினார், வழக்கத்தை விட.

"அவன் இந்த வீட்டில இல்லையெண்டால்," என்றார், பின்னலுக்குள் பார்த்துக்கொண்டு, "நான் உனக்கு ஆர்?"

"மச்சாள்."

"ம்."

பின்னலை முடிந்து, தோளுக்கு மேலால் முன்னே போட்டார். முழங்காலில் கையூன்றி எழும்பினார். மணி மூன்றரை. இப்போது போனால் நாலு மணி பஸ்ஸைப் பிடிக்கலாம். முகம் கழுவி, கண்ணாடியில் பார்த்துப் பொட்டை அழுத்தி வைத்துக்கொண்டார். பூரணி கேற் வரை வந்தாள். பூட்டைத் திறக்கும்போது மச்சாள் அவள் கையின் மேல் கையை வைத்தார்.

"போன உடன முகத்தைப் பாப்பான். என்ன சொன்னவள் எண்டு கேப்பான். வெறும் வாயோட போய் நிக்க எனக்கு ஏலாது பிள்ளை. 'பாப்பம்' எண்டு சொன்னவள் எண்டு சொல்லட்டே? அந்த ஒரு சொல்லுத்தானே. அதில பொய்யும் இல்லை."

பாப்பம். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவன் அடுத்த சனிக்கிழமையும் அந்த வாங்கில் வந்து உட்காருவான். அதற்கடுத்த சனிக்கிழமையும். அவன் அங்கே இருக்கிறான் என்று தெரிந்துகொண்டு அவள் இங்கே இருப்பாள்.

வெயில் இன்னும் இறங்கவில்லை. பூரணி மச்சாளின் தோளில் சரிந்திருந்த சேலைத் தலைப்பை எடுத்து மடிப்புக் கலையாமல் சரியாக்கினாள்.

"பாப்பம் எண்டு சொல்லாதேங்கோ, மச்சாள்," என்றாள். "இல்லையெண்டு சொல்லுங்கோ."